கோணாமலை முன்வாசலால் போன நாள்

செங்கலடிச் சந்தியில் இறங்கி “கோணாமலை வீடு எது?” என்று கேட்டால் யாரும் உடனே கையைக் காட்ட மாட்டார்கள். “எந்தக் கோணாமலை? பிரிட்ஜ் கோணாமலையா, புதினக் கோணாமலையா?” என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்பார்கள். சந்தியில் சும்மா நிற்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

அவர் என் அத்தான். என் அக்கா சுலோஜனாவின் கணவர். நான், விஜிதரன், அந்தச் சந்தியில்தான் ஓட்டோ ஓடுகிறேன். அதனால் இந்தக் கிண்டலில் பாதி என் காதில்தான் விழும். முன்பெல்லாம் சுள்ளென்று கோபம் வரும். எனக்குக் கோபம் வர ஒரு சாட்டும் தேவையில்லை என்பது அக்காவின் கருத்து. இப்போது பழகிவிட்டது. சில நாள் நானே தொடங்கி வைப்பேன்.

பிரிட்ஜ் என்பது அவருடைய தொழில். பிரிட்ஜ், பிறீசர், ஏ.சி. எது பழுதானாலும் அத்தானைத்தான் கூப்பிடுவார்கள். புதினம் என்பது அவருடைய குணம். எங்கள் பக்கத்தில் ஆளை ஆள் கண்டால் “என்ன புதினம்?” என்று கேட்பது வழக்கம். பதில் கேட்க யாரும் நிற்பதில்லை. அத்தான் நிற்பார். சைக்கிளில் ஒருவன் கோழிக்கூடு கட்டிக்கொண்டு போனால், எத்தனை கோழி, எங்கே வாங்கினாய், கூட்டை யார் பின்னினார் என்று மூன்று கேள்வியாவது கேட்காமல் விடமாட்டார். செத்த வீட்டுக்குப் போனால் பெட்டியின் பலகை என்ன மரம் என்று விசாரிப்பார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. உலகத்தில் ஒரு பொருள் இருந்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஊர் முழுக்கக் கேள்வி கேட்ட மனிதர், சொந்தப் பெண்சாதியிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது.

அக்கா சைப்பிரஸில் ஒன்பது வருடம் இருந்தாள். ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அரைகுறையாக நின்ற வீட்டுக்குக் கூரை போடவும் மகள் கலாஜினியைப் படிப்பிக்கவும் போனவள். கூரையும் வந்தது, கலாஜினியும் கம்பஸ் எடுபட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். அந்த அம்மா காலமானதும் அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். வந்த அன்றைக்கு அத்தான் அவளிடம் கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பிளேனில் குளிர் எத்தனை பாகை? அங்கே வீட்டுக்குள் சூடாக்கிற மெசின் காஸிலா கரண்டிலா? பிரிட்ஜுக்கு ஒரு கதவா இரண்டு கதவா? அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். நீ எப்படி இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்ல மரியாதையாக நடந்துகொண்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு நாள் அத்தான் என் ஓட்டோவுக்குப் பக்கத்தில் வந்து, சேட்டுப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து நீட்டினார். நடுவில் சுருள் சுருளாக ஒரு கம்பி. இரண்டு பக்கமும் தூக்கி இறக்குகிற மாதிரி இரண்டு கை.

“விஜி, இது என்ன ஆயுதம் எண்டு சொல்லு பாப்பம்.”

“பல்லுப் புடுங்கிறதா?”

“பகிடி விடாத. அக்காட பெட்டிக்குள்ள கிடந்திச்சு. நான் இதால ஒரு பெயாரிங்கைக் கழட்டிப் பாத்தன், சரிவரல்ல.”

“அக்காட்டயே கேளுங்களன்.”

அத்தான் அதைக் கேட்காததுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்குத் தெரியாத வேலை ஆயுதம் ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விசயம். டவுனுக்குப் போகிற வழியில் தச்சுவேலை செய்யும் ரொசைரோவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ரொசைரோ பறங்கியர், போர்த்துக்கீசர் வழி வந்தவர். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“கோணாமலை, இதுகூடத் தெரியாதா? வைன் போத்தல்ட தக்கையை இழுக்கிற சாமான். எங்கட கலியாண வீடு ஒண்டுக்கு வந்திருந்தீங்கெண்டா தெரிஞ்சிருக்கும். நல்லாப் பாவிச்சுத் தேஞ்சு போயிருக்கு. ஆரு வச்சிருந்தது?”

அத்தான் அதை வாங்கிச் சேட்டுப் பைக்குள் போட்டார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் கத்தினேன்.

“அக்கா குடிக்கிறாவா? எங்கட குடிக்கு இது ஆகுமா?”

“எந்தக் குடியச் சொல்றாய்?” என்றார் அத்தான் அமைதியாக. எங்களில் தாய்வழி வம்சத்துக்கும் பேர் குடிதான். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்துவிட்டது. அப்படி ஆனபிறகு கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியாது.

பிறகுதான் அவர் மனதில் கிடந்ததை மெல்ல அவிழ்த்தார். முந்தின கிழமை அக்கா கலாஜினியுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தாளாம். அத்தான் யன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாராம். மோட்டர் பழுதா என்று நான் கேட்கவில்லை. “ராவையில சாப்பாட்டோட ஒரு கிளாஸ் வைன் இல்லாம என்னமோ போல கிடக்கு புள்ள. ஒருத்தருக்கும் சொல்லிராத” என்று அக்கா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து அக்காவே நேராக ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறாள். செத்துப்போன அம்மாவின் மகள் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வரச்சொல்லிக் கேட்கிறாளாம். கடதாசியெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். வாற ஞாயிறுக்கு முன்னம் முடிவு சொல்ல வேண்டுமாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“இப்ப பிளேன் டோகா வழியாவா டுபாய் வழியாவா போகுது எண்டு கேட்டன்.”

என் தலையை ஓட்டோவின் கம்பியில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. “அத்தான், போறியா நிக்கிறியா எண்டு கேக்க வாய் இல்லியா உங்களுக்கு?”

“அது அவட வீடு விஜி. உழைச்சதும் அவ. நான் எப்பிடிக் கேக்கிற?”

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து ஏற வேண்டியதுதான். அத்தான் பனிச்சங்கேணியிலிருந்து அப்படி வந்து ஏறி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் யாராவது “உங்கட வீட்டு மாமரம்” என்றால் “அவட மாமரம்” என்று திருத்துவார். இதை மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அவவ நல்ல இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போகப் போறன்” என்றார். “நல்ல சாப்பாடு, நல்ல வைன். அவக்குப் பழகின மாதிரி இருந்தா அவவே வாயத் திறந்து சொல்லுவா.”

அன்றிலிருந்து தொடங்கியது நல்ல இடம் தேடுகிற வேலை. வைன் விற்கிற இடம் வைன் ஸ்டோர்ஸ் என்பதுதானே நியாயம்? அத்தானுக்குக் குடிப்பழக்கம் அறவே இல்லை, ஆகவே நியாயப்படி நடந்தார். கம்பி வலைக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், “தம்பி, நல்ல வைன் எது? சாப்பாட்டோட குடிக்கிற மாதிரி” என்று கேட்டார். உள்ளே இருந்தவன் கையில் எடுத்த சாராயப் போத்தலை அப்படியே பிடித்தபடி நின்றான்.

“அண்ணன், வைன் எண்டுறது வாசல்ல பேர்ப் போட்டில மட்டுந்தான் இரிக்கி. உங்களுக்குக் காலா அரையா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தான் கோபிக்கவில்லை. வைன் இல்லாத கடைக்கு வைன் ஸ்டோர்ஸ் என்று யார் பேர் வைத்தது என்று அங்கேயே ஒரு விசாரணையைத் தொடங்கிவிட்டார். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து அவரைத் தள்ளி வெளியே விட்டார்கள்.

மட்டக்களப்பு டவுனில் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவில்லை. அத்தானுக்கு அது எல்லாம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது பின்வாசல் மட்டும்தான். குசினிப் பக்கமாகப் போய், பிரிட்ஜைத் திருத்தி, குசினிப் பக்கமாகவே வருகிறவர். மேசையில் பூ இருக்கிறதா, கதிரையில் மெத்தை இருக்கிறதா என்று அவர் கண்டதேயில்லை. நான் ஒரு கடையின் பேரைச் சொல்வேன். அவர் அந்தக் கடையின் பிறீசரைச் சொல்லுவார்.

“பஸ் ஸ்ராண்ட் பக்கத்துச் சைனீஸ் கடை?”

“பிறீசர் கதவு றப்பர் போய்க் கனகாலம். மாத்துங்க எண்டு சொல்லியும் மாத்தல்ல. அங்க இறால் திண்ணாத.”

நான் அந்தக் கடையில் எத்தனை தடவை இறால் தின்றிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

“பாரோட சேந்து மேல்மாடியில ஒரு கடை இரிக்கே?”

“ஐஸ் பெட்டி நல்லம். ஆனா பொம்புள ஒராள் உள்ள போனா அத்தினை தலையும் திரும்பும்.”

பாசிக்குடா ஹோட்டல்களைச் சொன்னேன். அங்கே குளிர் அறைக்குள் ஒரு கலியாணம் வைக்கலாம், அவ்வளவு வசதி என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஏ.சி. திருத்தப் போகும்போதே வாசல் காவலாளி அடையாள அட்டையை மூன்று தரம் பார்க்கிறானாம். சுலோஜனாவை யாரும் அப்படி மேலும் கீழும் பார்ப்பதைத் தன்னால் பொறுக்க முடியாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. நான் அதைக் கவனித்தேன்.

கடைசியில் காத்தான்குடிக்குப் போனார். அப்துல் கபூரின் சாப்பாட்டுக் கடைதான் இந்த மாவட்டத்திலேயே சுத்தமான குளிர்ப்பெட்டி உள்ள கடை என்பது அத்தானின் தீர்ப்பு. கபூர் காக்காவும் அவரும் பழைய கூட்டாளிகள். அத்தான் தன் பிரச்சினையை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். கபூர் காக்கா தாடியைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“சாப்பாட்டுக்கெண்டா இஞ்ச வா, கோணாமலை. மத்ததுக்கு எனக்கிட்ட வழி கேக்காத, அது எனக்குக் கூடாது. ஆனா ஒண்டு சொல்றன். பொஞ்சாதியோட மனசு விட்டுப் பறையப் போறதெண்டா, சத்தம் குறைஞ்ச இடமாப் பாரு. சாப்பாடு எல்லா இடத்திலயும் ஒண்டுதான்.”

சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னது அத்தானை வெகுவாக யோசிக்க வைத்தது. சத்தம் குறைந்த இடம் என்றதும் அவருக்குச் சதீசனின் கடை ஞாபகம் வந்தது. டோகாவில் பெரிய ஹோட்டலில் வேலை செய்துவிட்டு வந்த சதீசன், வாவிக்கரையில் ஒரு பழைய வீட்டை எடுத்துச் சாப்பாட்டுக் கடையாக்கியிருந்தான். அதிகம் ஆள் வராது. ஆறேழு மேசைதான் என்று கேள்வி. பிறீசர் றப்பர் புதுசு.

“அவனிட்ட வைனுக்கெண்டே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி இரிக்கி” என்றார் அத்தான் திடீரென்று உற்சாகமாக. “ரெண்டு மாசத்துக்கு முன்ன நான்தான் திருத்தினன். அந்த இடந்தான்!”

இடம் முடிவானது. அக்காவைக் கூப்பிடுவது அடுத்த கண்டம். வெளியே போய்ச் சாப்பிடுவோமா என்று அத்தான் கேட்டதற்கு, “ஏன், என்ட சமையலுக்கு என்ன குறை?” என்றாளாம். கலியாண நாள் என்றாராம். அது போன மாதமே போய்விட்டது என்றாளாம். “போன மாசம் மறந்து போனன், அதான் இந்த மாசம்” என்றிருக்கிறார். அக்கா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்றாளாம். நானும் வரவேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். தனியாக முன்வாசலால் போக அவருக்குப் பயம். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறுக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம் போய் இறங்கினோம். அக்கா பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். அத்தான் கலாஜினி வாங்கிக் கொடுத்த நீளக் கைச் சேட்டோடு, நேரே மதில் ஓரமாகக் குசினிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கால் பழகிய வழி அது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து முன்வாசலுக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் குசினியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, “அண்ணன், இண்டைக்கு ஒண்டும் பழுதில்லையே, ஆரு கூப்பிட்ட?” என்று கேட்டுவிட்டது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யன்னலோர மேசை. வாவிக்கு மேலே வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தான் உட்கார்ந்ததும் தலைக்கு மேலே இருந்த ஏ.சி.யைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். சதீசன் வந்து வணக்கம் சொன்னான். நண்டும் புட்டும் சொன்னோம். பிறகு அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பதுபோல், “சாப்பாட்டுக்கு முன்ன, நல்ல வைன் ஒரு போத்தல்” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கெதுக்கு அது?”

“எனக்குத் தெரியும் புள்ள.”

“என்ன தெரியும்?”

“ராவையில ஒரு கிளாஸ் இல்லாம என்னமோ போல கிடக்கு எண்டு.”

அக்காவின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தாள். நான் வாவியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சதீசன் சிவப்பு வைன் போத்தலைக் கொண்டுவந்து, தக்கையை இழுத்து, கொஞ்சம் ஊற்றினான். அக்கா கிளாஸின் மெல்லிய தண்டைப் பிடித்து எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, முகர்ந்து, ஒரு மிடறு குடித்தாள். என் அக்காதான். ஆனால் அந்தக் கை எனக்குத் தெரியாத கையாக இருந்தது. அத்தான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லமா?”

அக்கா இன்னொரு மிடறு குடித்தாள். “குளிர் கூடிப்போச்சு” என்றாள். “சிவப்பு வைன் இவ்வளவு குளிரக் கூடா. ருசியெல்லாம் செத்துப் போயிரும்.”

சதீசனுக்கு ரோசம் வந்துவிட்டது. “அக்கா, அதுக்கெண்டே தனிப் பெட்டி வச்சிருக்கிறன். பதினாறு பாகையில நிக்கிற பெட்டி” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது முகம் விழுந்திருந்தது. “அஞ்சில நிக்கிது. ஆரோ பூட்டைக் கழட்டி உள்ளுக்குக் குளிர் அளவை மாத்தியிருக்கான். நான் கொழும்புக்குப் போன நேரம் நடந்திரிக்கோணும்.”

அத்தான் மேசை விரிப்பை நேராக்கினார். பிறகு இன்னொரு தரம் நேராக்கினார்.

“நான்தான்” என்றார். “பதினாறில நிண்டிச்சு. பிரிட்ஜ் எண்டா குளிரத்தானே வேணும்? ஆரோ பிழையா விட்டுட்டான் எண்டு நினைச்சு, கஸ்ரப்பட்டு அஞ்சுக்குக் கொண்டு வந்தன். அதுக்குக் காசும் எடுக்கல்ல.”

அக்கா சிரித்தாள். முதலில் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. சதீசன்கூடக் கடைசியில் சிரித்துவிட்டுப் பெட்டியைப் பார்க்க உள்ளே போனான்.

பிறகு அக்கா கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

“ஏன் அப்பிடிப் பிடிக்கிறாய்?” என்றார் அத்தான்.

“கைச்சூட்டில குளிர் இறங்கும். கிரியா இப்பிடித்தான் செய்வா.”

“கிரியா எண்டா?”

“அம்மா எண்டுற மாதிரி. நான் பாத்த அந்த மனிசி.”

“அவ உனக்கும் ஊத்தித் தருவாவா?”

“முதல் வருசம் நான் குசினியில இருந்துதான் சாப்பிட்டன். ஒருநாள் தனிய இருந்து திண்ண ஏலாது எண்டு என்னயும் மேசையில இருத்தினா. ரெண்டு விரல் அளவு ஊத்தித் தந்தா. எனக்குப் புளிச்சுது. துப்பிட்டன். விழுந்து விழுந்து சிரிச்சா.”

“மறுகா?”

பிறகு என்ன என்று கேட்கிற அந்த “மறுகா” என்ற சொல்லை அத்தான் அன்று எத்தனை தரம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்க அக்கா சொன்னாள். அந்த மனிசியின் வைனுக்கான முந்திரிகைத் தோட்டத்தை, மழைக்காலத்தில் அவளுடைய முழங்கால் வலியை, இரவில் இருவரும் சீட்டு விளையாடியதை. நண்டு வந்து ஆறிக்கொண்டிருந்தது. நான் எழும்பி ஓட்டோவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. புதினம் கேட்கிற குணம் எங்கள் குடும்பத்திலும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்.

அத்தான் கேள்விகள் எல்லாம் தீர்ந்தவர்போல் நண்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

“அங்க நீ சந்தோசமா இருந்தியா, புள்ள?”

அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள். “ஓம்” என்றாள். “எல்லா நாளும் இல்ல. ஆனா இருந்தன்.”

அத்தான் தலையாட்டினார். “இதத்தான் கேக்கப் பயந்தன். கஸ்ரப்பட்டன் எண்டு சொன்னாயெண்டா அது என்ட பிழை. சந்தோசமா இருந்தன் எண்டு சொன்னாயெண்டா, மறுகா இஞ்ச எதுக்கு நிக்கப்போறாய்?”

“எனக்கும் சொல்லப் பயம்தான். வெளிநாட்டுக்குப் போன பொம்புள அழுதுகொண்டு வந்தாத்தானே ஊருக்குப் பிடிக்கும்.” அக்கா அவரை நேராகப் பார்த்தாள். “நான் ஒண்டு கேக்கன். நான் போன அண்டைக்குக் கட்டுநாயக்கா எயார்போட்டில உள்ளுக்குப் போகக்குள்ள நீங்க என்ன கேட்டீங்க?”

அத்தானுக்கு ஞாபகம் இருந்தது. “பெட்டி எத்தின கிலோ எண்டு.”

“அதுக்குப் பிறகு?”

“பிளேன் எவ்வளவு உசரத்தில போகும் எண்டு.”

“நான் திரும்பித் திரும்பிப் பாத்தன். போகாத எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவீங்க எண்டு. சொல்லியிருந்தா பெட்டிய அங்கயே போட்டுட்டு வந்திருப்பன். கூரையும் வேணா, ஒண்டும் வேணா எண்டு வந்திருப்பன்.”

அத்தான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். “அது உன்ட வீடு புள்ள. நான் வந்து ஏறின ஆள். போகாத எண்டு சொல்ல எனக்கு என்ன உரிம இரிக்கி எண்டு...”

“வீடு அம்மா தந்தது!” அக்காவின் சத்தம் உயர்ந்தது. எனக்கு வருகிற அதே கோபம். “நீங்க நான் கேட்டு எடுத்த ஆள். பனிச்சங்கேணியானைத்தான் கட்டுவன் எண்டு மூணு நாள் சோறு திண்ணாமக் கிடந்தன், உங்களுக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது வயது பத்து, தெரியாது. ஊரில் உள்ள ஒவ்வொரு பிறீசரின் சரித்திரமும் தெரிந்த மனிதர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

“போகாத” என்றார்.

அக்கா மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“போகாத புள்ள. நீ இல்லாம எனக்கு ஏலா. ஒம்பது வருசமும் ஏலாமத்தான் இருந்தன்.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். “சரி, போகல்ல” என்றாள். “நாளைக்கே அவட மகளுக்கு எடுத்துச் சொல்றன்.”

“என்னெண்டு சொல்லுவாய்?” அத்தானால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்ட புருசன் போகாத எண்டு கேட்டுட்டார், அதால வரமாட்டன் எண்டு.” அக்கா கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பார்த்தாள். “அவக்கு அது புதினமா இருக்காது. கிரியா ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்திருக்கக்குள்ள என்னட்டக் கேப்பா, உன்ட புருசன் உன்னத் திரும்பி வரச்சொல்லிக் கேக்கிறதில்லியா எண்டு. ஓம் அம்மா, ஒவ்வொரு கிழமையும் கேக்கிறார் எண்டு சொல்லுவன்.”

அத்தான் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்கா ஒரு நண்டை உடைத்து, சதையை எடுத்து, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள்.